நாவின் தவம்

வாக்கு இறைவன் மனிதனுக்கு அளித்த பெருங்கொடை. நம் முன்னோர் அதைக் கலைமகளின் வடிவமாகவே கண்டு வணங்கினர். சிலருக்கு வாக்கு வன்மை பிறவியிலேயே அமைந்துவிடுகிறது. வேறு சிலர் அதைத் தவம்போல் முயன்று பெறுகின்றனர். இரண்டாவது வகைக்கு ஓர் உயர்ந்த எடுத்துக்காட்டு மகாத்மா காந்தியின் வாழ்க்கை. மெல்லிய குரலில் பேசி ஒரு தேசத்தையே எழுப்பிய அவர், இருபத்து மூன்று வயதுவரை ஒரு சிறு கூட்டத்தின் முன் நான்கு வாக்கியங்கள் பேச இயலாமல் தவித்தவர். அந்தத் தவிப்பிலிருந்து அவர் எவ்வாறு மீண்டார், பெற்ற வாக்கை எதற்குப் பயன்படுத்தினார் என்பவை இளைஞர்கள் சிந்திக்க வேண்டிய விஷயங்கள்.

கூச்சம் நிறைந்த மாணவர்

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் போர்பந்தரில் பிறந்தார். ராஜ்கோட்டில் பள்ளிக்கல்வி பயின்றார். பள்ளி மணி அடிக்கும் நேரத்தில் உள்ளே நுழைவார். பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடிவிடுவார். வழியில் யாரேனும் பேச்சுக் கொடுத்துக் கேலி செய்துவிடுவார்களோ என்ற அச்சமே அதற்குக் காரணம்.

உயர்நிலைப் பள்ளியின் முதலாண்டில் ஜைல்ஸ் என்ற கல்வி அதிகாரி மாணவர்களைச் சோதிக்க வந்தார். அவர் கொடுத்த ஐந்து ஆங்கிலச் சொற்களுள் ஒன்று 'கெட்டில்'. மோகன்தாஸ் அதைப் பிழையாக எழுதினார். பக்கத்து மாணவனின் பலகையைப் பார்த்து எழுதும்படி ஆசிரியர் குறிப்புக் காட்டினார். அந்தச் சிறுவனோ அந்தக் குறிப்பைப் புரிந்துகொள்ளவே இல்லை. பார்த்து எழுதாமல் காப்பதற்குத்தான் ஆசிரியர் இருக்கிறார் என்று அவன் எண்ணியிருந்தான். எல்லா மாணவர்களும் ஐந்து சொற்களையும் சரியாக எழுதினர். அவன் மட்டும் பிழை செய்தவனாக நின்றான். ஆங்கிலம் அவனிடம் வந்து சேரும் முன்பே சத்தியம் வந்து சேர்ந்திருந்தது.

உயர் வகுப்புகளில் பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. கணக்கும் புரியவில்லை, மொழியும் புரியவில்லை என்ற இருவகைச் சுமை அவரை வாட்டியது. 1888-இல் சட்டம் பயில இங்கிலாந்து புறப்படும்போது பள்ளித் தோழர்கள் பிரிவுபசாரம் செய்தனர். நன்றி கூறச் சில வரிகளை எழுதிச் சென்றிருந்தும், தலை சுற்றி, உடல் நடுங்க, அவற்றைத் திக்கித் திணறியே வாசித்து முடித்தார்.

லண்டனில் கற்ற பாடம்

1888 செப்டம்பர் 4-ஆம் நாள் அவர் பம்பாயிலிருந்து கப்பலேறினார். உடன் வந்தவர்களுள் பெரும்பாலோர் ஆங்கிலேயர். அவர்கள் பேசுவது அவருக்கு முழுதும் விளங்கவில்லை. விளங்கினாலும் விடையளிக்க இயலவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் மனத்துக்குள் அமைத்துப் பார்த்த பிறகே வாய் திறக்க வேண்டியிருந்தது. வெட்கத்தினால் உணவு மேசைக்குச் செல்லாமல், கொண்டுவந்த பலகாரங்களைத் தம் அறையிலேயே உண்டார்.

லண்டன் சேர்ந்ததும் அங்குள்ள கனவான்களைப்போல் ஆகிவிட வேண்டும் என்ற ஆசை அவரைப் பற்றிக்கொண்டது. விலையுயர்ந்த உடைகள் வந்தன. நடனப் பயிற்சிக்கு மூன்று பவுன் செலுத்தினார். வயலின் ஒன்று வாங்கினார். மேடைப் பேச்சு கற்க ஓர் ஆசிரியரிடம் ஒரு கினி கொடுத்துச் சேர்ந்தார். பெல் என்பவரின் பேச்சுக்கலை நூலைப் பாடமாகக் கொண்டு, பிரிட்டிஷ் அமைச்சர் பிட்டின் சொற்பொழிவிலிருந்து பயிற்சி தொடங்கியது.

சுமார் மூன்று மாதங்களில் விவேகம் விழித்துக்கொண்டது. பிறரைப்போல் தோன்றுவதற்காகப் பழகும் நடனமும் இசையும் பேச்சும் தம்மை எங்கே கொண்டு சேர்க்கும் என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்டார். பேச்சு ஆசிரியருக்குக் கடிதம் எழுதி விலகினார். வயலினையும் விற்றுவிட ஏற்பாடு செய்தார். அதன்பின் அவர் கைக்கொண்டது எளிய வழி. நாள்தோறும் செய்தித்தாள்களைக் கவனமாக வாசித்தார், செலவைச் சுருக்கினார், கால்நடையாகவே சென்றார், லண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வுக்காக உழைத்தார். மொழி வளர்ந்தது, ஆனால் கூச்சம் அகலவில்லை.

சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழுவில் அவர் உறுப்பினராக இருந்தார. கொள்கை வேறுபாட்டுக்காக ஓர் உறுப்பினரை நீக்கும் முயற்சி நடந்தபோது அது முறையன்று என்று அவர் உள்ளம் கூறியது. அவருடைய கருத்து எழுத்தில் தயாராக இருந்தது. அதைப் படிக்கவோ துணிவில்லை. வேறொருவரே படித்தார். வென்ட்னர் என்ற ஊரில் எழுதிய உரையைப் படிக்க எழுந்து நின்றபோது கண்கள் இருண்டன, கால்கள் நடுங்கின; நண்பர் ஒருவர் வாங்கிப் படித்தார். 1891-இல் தாயகம் திரும்பும் முன் நண்பர்களுக்கு அவரே விருந்தளித்தார். நகைச்சுவையோடு பேசத் திட்டமிட்டிருந்தும், முதல் வாக்கியத்துக்குப் பின் எல்லாம் மறந்துபோய், நன்றி மட்டும் கூறி அமர்ந்தார்.

பம்பாயில் முதல் வழக்கு அதனினும் கடுமையான சோதனை. முப்பது ரூபாய் கட்டணத்தில் ஏற்ற சிறு வழக்கு அது. குறுக்கு விசாரணைக்கு எழுந்தவருக்குக் கேட்க ஒரு கேள்வியும் தோன்றவில்லை. வழக்கை வேறு வழக்கறிஞரிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டு வெளியேறினார்.

தமக்காக இன்றிப் பிறருக்காக

1893-இல் தாதா அப்துல்லா என்ற முஸ்லிம் வணிகரின் நிறுவன வழக்குக்காக அவர் தென்னாப்பிரிக்கா சென்றார். அங்கே இந்தியர்கள் நாள்தோறும் அனுபவித்த அவமதிப்பைத் தாமும் அனுபவித்தார். பிரிட்டோரியா நகரின் இந்தியர் அனைவரையும் ஒருங்கே சந்திக்க விரும்பினார். ஹாஜி முகமது ஹாஜி ஜூசப் என்பவரின் இல்லத்தில் கூட்டம் கூடியது. வந்தவர்களுள் பெரும்பாலோர் முஸ்லிம் வணிகர்கள். வாணிபத்தில் உண்மையைக் கடைப்பிடிப்பது பற்றி அங்கே அவர் பேசினார். வாழ்வில் அவர் செய்த முதல் பொதுச் சொற்பொழிவு அதுவே.

லண்டனில் வராத சொல் பிரிட்டோரியாவில் எப்படி வந்தது? லண்டனில் அவர் எழுந்து நின்ற போதெல்லாம் கேட்போர் தம்மை எப்படி மதிப்பார்கள் என்ற எண்ணமும் உடன் எழுந்து நின்றது. பிரிட்டோரியாவில் எதிரே அமர்ந்திருந்தவர்களின் துன்பமே மனத்தை நிறைத்திருந்தது. தன்னை மறந்தவனுக்குச் சபை அச்சம் ஏது?

அந்தக் கூட்டத்தின் விளைவாக ஒரு சிறு தொண்டும் பிறந்தது. அங்கிருந்த இந்தியர்களுள் ஆங்கிலம் அறிந்தோர் மிகச் சிலர். அந்நாட்டில் வாழ அம்மொழி உதவும் என்றும், வயது வந்த பின்னும் மொழி கற்கலாம் என்றும் எடுத்துக் கூறி, தாமே கற்பிக்க முன்வந்தார். மூன்று இளைஞர்கள் இசைந்தனர். இருவர் முஸ்லிம்கள், ஒருவர் நாவிதர், மற்றவர் எழுத்தர். மூன்றாமவர் இந்து, சிறு கடை வைத்திருந்தவர். தங்கள் இடத்துக்கே வந்து கற்பிக்க வேண்டும் என்பது அவர்களது நிபந்தனை. பாரிஸ்டர் காந்தி இசைந்தார். சென்ற வேளையில் அவர்கள் தொழிலில் மூழ்கியிருந்தாலும் சலிப்படையவில்லை. சுமார் எட்டு மாதங்களில் இருவர் கணக்கு எழுதவும், சாதாரண வாணிபக் கடிதங்கள் வரையவும் கற்றனர். வாடிக்கையாளரோடு பேசும் அளவுக்கு ஆங்கிலம் போதும் என்பது நாவிதரின் விருப்பம், அதுவும் நிறைவேறியது.

தாமும் மாணவராகவே தொடர்ந்தார். 1896-இல் தாயகம் திரும்பும் கப்பலில் சக பயணி ஒருவரிடம் உருதுவும், ஒரு கையேட்டின் துணையால் தமிழும் பயின்றார். தென்னாப்பிரிக்கத் தமிழ்த் தொழிலாளர்களின் அன்பே அவரைத் தமிழ் எழுத்துகளின் பக்கம் ஈர்த்தது.

நபிகளின் வாழ்வில் கண்ட ஒளி

கற்ற ஆங்கிலம் அவருக்கு வேறொரு வாயிலையும் திறந்தது. லண்டனில் நண்பர் ஒருவர் பரிந்துரைக்க, கார்லைல் எழுதிய வீரர் வழிபாடு பற்றிய நூலில் முகமது நபியைக் குறித்த அத்தியாயத்தைப் படித்தார். நபிகளின் வீரமும் துறவு போன்ற எளிய வாழ்வும் அவரைக் கவர்ந்தன. தென்னாப்பிரிக்காவில் வாஷிங்டன் இர்விங் எழுதிய நபிகள் வரலாற்றைப் படித்தார். குர்ஆனின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் பயின்றார்.

தாம் பெற்ற இன்பத்தைப் பிறரும் பெற விரும்பி, 1907-இல் தமது இந்தியன் ஒப்பீனியன் இதழில் இர்விங் நூலைத் தழுவிய நபிகள் வரலாற்றைக் குஜராத்தியில் தொடராக வெளியிடத் தொடங்கினார். ஆனால் அதன் சில பகுதிகள் முஸ்லிம் வாசகர் சிலரின் மனத்தை வருத்தின. வேற்று நாட்டவரின் நூலிலிருந்து எடுக்கப்பட்ட வரலாறு அவர்களது பக்தி உணர்வோடு பொருந்தவில்லை. காந்தி தம் நோக்கத்தை விளக்கினார். பின்னர் தொடர் நிறுத்தப்பட்டது. நல்லெண்ணம் மட்டும் போதாது, ஒரு சமயத்தாரின் உள்ளத்தை அவர்கள் போற்றும் நூல்களின் வழியாகவே அணுக வேண்டும் என்பதை இந்த நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

அத்தகைய வாய்ப்பு அவருக்குச் சிறையில் கிடைத்தது. 1922 மார்ச்சில் ஆறு ஆண்டுத் தண்டனை பெற்று எரவாடா சிறை சென்றவர், அங்கே உருதுப் பயிற்சியைத் தொடர்ந்தார். மௌலானா ஷிப்லி நுஃமானியின் நபிகள் வரலாற்றையும், நபித்தோழர்களின் வரலாற்றையும் படித்தார். 1924-இல் விடுதலையான பின் இதுபற்றி எழுதினார். இஸ்லாம் மக்கள் மனத்தில் இடம்பெற்றது வாளினால் அன்று, நபிகளின் எளிமை, தன்னை முற்றிலும் துடைத்துக்கொண்ட பணிவு, வாக்குறுதியைக் காத்தல், தோழர்களிடம் கொண்ட ஆழ்ந்த அன்பு, அஞ்சாமை, இறைவனிடம் கொண்ட அசையாத நம்பிக்கை ஆகியவற்றினால்தான் என்ற உறுதி தமக்கு ஏற்பட்டதாகக் கூறினார். நூல் முடிந்தபோது இன்னும் படிக்க இல்லையே என்று வருந்தினார்.

அதே 1924-ஆம் ஆண்டில்தான் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் ஆங்கில வாழ்க்கை வரலாற்றுக்கு அவர் முன்னுரை எழுதினார். ஸ்ரீராமகிருஷ்ணர் தட்சிணேசுவரத்தில் இஸ்லாமிய நெறியையும் சாதனை செய்து, அவ்வழியும் இறைவனிடமே சேர்க்கிறது என்று அனுபூதியில் கண்டவர். குருதேவர் சாதனையால் கண்ட உண்மையைக் காந்தி கல்வியாலும் தொண்டாலும் நாடினார்.

பெங்களூருவில் ஓய்வு

1927 மார்ச்சில் கதர்ப் பணிக்கான சுற்றுப்பயணத்தில் அவரது உடல்நலம் குலைந்தது. இரத்த அழுத்தம் மிகுந்திருந்ததால் ஓய்வு தேவை என்றனர் மருத்துவர்கள். மைசூர் அரசின் விருந்தினராக நந்தி மலையில் ஏறத்தாழ ஒன்றரை மாதம் தங்கினார். பின் ஜூன் மாதத்திலிருந்து பெங்களூரு குமார பார்க்கில் தங்கினார். அந்நாளில் மைசூர் மகாராஜாவாக இருந்தவர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார். திவான், முஸ்லிம் பெருமகனாரான மிர்ஸா இஸ்மாயில்.

பேச வராமல் வருந்தியவருக்கு இப்போது பேச்சைக் குறைக்கும்படி மருத்துவ ஆலோசனை! இதை அவர் துன்பமாகக் கருதவில்லை. திங்கட்கிழமை தோறும் மௌனம் காப்பது ஏற்கெனவே அவரது விரதமாக இருந்தது. அக்காலத்தில் அவரது சுயசரிதை குஜராத்தியில் தொடராக வந்துகொண்டிருந்தது. மகாதேவ தேசாயின் ஆங்கில மொழிபெயர்ப்பின் முதல் தொகுதி நூலாக வெளிவந்ததும் அந்த 1927-ஆம் ஆண்டில்தான். இளமைக் கூச்சம் தமக்குக் கேடயமாக அமைந்து, சொற்களைச் சிக்கனமாகச் செலவிடக் கற்பித்தது என்று அந்நூலில் அவர் மதிப்பிடுகிறார். ஆங்கிலத்தில் புலமை பெற்ற பின்னும் தம் வாழ்வின் உண்மையைத் தாய்மொழியில்தான் எழுதினார் என்பதும் கருதத்தக்கது.

பெங்களூருவிலும் அவர் மாணவராகவே இருந்தார். ஐம்பத்தேழு வயதில், அங்கிருந்த இம்பீரியல் பால்பண்ணை நிலையத்துக்குச் சென்று பசு வளர்ப்பு முறைகளைக் கற்றார். வருகையாளர் ஏட்டில் தம்மைச் சபர்மதியைச் சேர்ந்த விவசாயி என்றே குறித்தார். ஓரளவு நலம் பெற்றதும் இந்திய அறிவியல் கழகத்தில் மாணவர்களிடையே பேசினார். ஏழை மக்களின் இதயத்தோடு தங்கள் இதயத்தை இணைக்கும் அக ஆராய்ச்சி இல்லையேல் புற ஆராய்ச்சிகள் பயன் தரா என்பது அவரது உரையின் கருத்து. பிட்டின் சொற்பொழிவை மனப்பாடம் செய்ய முயன்ற நாவு, இப்போது தன் சொந்த உண்மையைத் தயக்கமின்றிக் கூறியது.

இறுதிச் சோதனை

1947-இல் நாடு பிளவுபட்டுக் குருதி சிந்திய நாட்களில் அந்த வாக்குக்கு இறுதிச் சோதனை வந்தது. தில்லியில் அவரது பிரார்த்தனைக் கூட்டங்களில் கீதைச் சுலோகங்களோடு குர்ஆன் வாசகங்களும் ஓதப்பட்டன. சிலர் எதிர்த்தனர். அவர் கடிந்து பேசவும் இல்லை, குர்ஆனை மட்டும் விலக்கிவிட இசையவும் இல்லை. எதிர்ப்பு இருந்தால் முழுப் பிரார்த்தனையையுமே நிறுத்தி, எதிர்த்தவர்களின் மனம் மாறக் காத்திருந்தார்.

1948 ஜனவரி 13-ஆம் நாள், தில்லியில் முஸ்லிம்கள் அச்சமின்றி வாழ வேண்டும் என்பதற்காக உண்ணாவிரதம் தொடங்கினார். பல்வேறு சமயத் தலைவர்களும் உறுதி கூறியபின் 18-ஆம் நாள் முடித்தார். 27-ஆம் நாள் மெஹ்ரோலியிலுள்ள முஸ்லிம் ஞானியின் தர்காவுக்குச் சென்று, அங்கே கூடியிருந்தோரிடம் சமாதானமாக வாழுமாறு வேண்டினார். மூன்று நாட்களுக்குப் பின், பிரார்த்தனைக்குச் செல்லும் வழியில் அவரது உயிர் பிரிந்தது.

இன்று பல இளைஞர்கள் ஆங்கிலம் பேச இயலவில்லையே என்று கூசித் தங்களைத் தாழ்வாக எண்ணுகின்றனர். அவர்களுக்கு இவ்வாழ்க்கை நம்பிக்கை அளிக்கிறது. பயிற்சி அவசியம். நாளும் வாசிப்பதும், பிழைக்கு அஞ்சாமல் பேசுவதும், தெரிந்ததை மற்றொருவருக்குக் கற்பிப்பதும் மொழியை வளர்க்கும். ஆனால் மொழி ஒரு பாத்திரமே. அதில் நிரப்ப வேண்டியவை சத்தியமும் கருணையும். பிரிட்டோரியாவில் ஒரு நாவிதரின் கடைக்கு நடந்து சென்று பாடம் சொன்ன அந்தப் பொறுமை நமக்கும் வாய்க்குமானால், நம் நாவும் இறைவனின் கருவியாகும்.