இசைமேதை பி. ரம்லி

பிறக்கும்போதே செல்வத்தோடு பிறந்தவர் சிலர். பிறந்தபின் உழைப்பினால் உயர்ந்தவர் சிலர். இவ்விரு சாராருள் பின்னவரின் வரலாறே மாணவர்களுக்கு நல்வழி காட்ட வல்லது. நம் மலேசியத் திருநாட்டில் ஓர் எளிய குடும்பத்தில் தோன்றி, பாடகராகவும் இசையமைப்பாளராகவும் நடிகராகவும் இயக்குநராகவும் விளங்கிய பி. ரம்லி அத்தகைய பெருமகன் ஆவார்.

பி. ரம்லி 1929-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22-ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் தெயுக்கு சக்காரியா என்பதாகும். தந்தையார் தெயுக்கு ஞாக் பூத்தே, சுமத்ராத் தீவின் அச்சே பகுதியிலிருந்து பினாங்குக்கு வந்து குடியேறியவர். தாயார் சே மா, பட்டர்வொர்த்தைச் சேர்ந்தவர். ரம்லி என்னும் பெயரின் முன் நிற்கும் 'பி' என்னும் எழுத்து, தந்தையின் பெயராகிய பூத்தே என்பதன் முதலெழுத்தே ஆகும். பிற்காலத்தில் உலகப் புகழ் தம்மைத் தேடி வந்தபோதும் தந்தையின் பெயரை அவர் விட்டுவிடவில்லை.

அவர் கம்போங் ஜாவா மலாய்ப் பள்ளியிலும், பிரான்சிஸ் லைட் ஆங்கிலப் பள்ளியிலும், பின்னர் பினாங்கு பிரீ ஸ்கூலிலும் பயின்றார். வகுப்பில் முதல் மாணவராக அவர் விளங்கினார் என்று சொல்வதற்கில்லை. பாடநூலைவிடப் பந்தாட்டமும் பாட்டுமே அவர் மனத்தை ஈர்த்தன. 1941-ஆம் ஆண்டு இறுதியில் ஜப்பானியப் படை மலாயாவுக்குள் புகுந்தது. பள்ளிப் படிப்பு தடைப்பட்டது. உணவுக்கும் உடைக்கும் மக்கள் அல்லலுற்ற அக்காலத்தில் ஜப்பானியர் நடத்திய பள்ளியில் அவர் சேர்ந்தார். அங்கும் பாட்டு அவரை விட்டு அகலவில்லை. போர் முடிந்ததும் மீண்டும் பழைய பள்ளிக்குத் திரும்பினார்.

அவர் முதலில் பழகிய இசைக்கருவி யுகுலேலி ஆகும். இது கித்தாரைப் போன்ற வடிவமுடைய சிறிய கருவி. இதற்கு நான்கே நரம்புகள்; சிறுவர்களின் விரல்களுக்கு எளிதில் அடங்கும். அதனை நன்கு பழகிய பின்னர் ஆறு நரம்புகளையுடைய கித்தாரைக் கையில் எடுத்தார். அதன்பின் வயலினையும் கற்றார். கித்தார் பழகத் தொடங்குவோரின் விரல் நுனிகள் கம்பிகளை அழுத்தி அழுத்திச் சிவந்து வலிக்கும். ஒரு சுரக்கூட்டிலிருந்து மற்றொன்றுக்கு விரல்களை மாற்றுவதற்குள் தாளம் தப்பிவிடும். வலியைப் பொறுத்து நாள்தோறும் பழகுவோருக்கே விரல் நுனி தடித்து, கம்பி வசப்படும். எந்தக் கருவியையும் ஒரே நாளில் வென்றவர் எவருமிலர்.

கேட்ட பாட்டை வாசித்துவிட்டால் போதும் என்று அவர் நின்றுவிடவில்லை. முறையாக இசை கற்று, இசைக்குறிப்பைப் படிக்கவும் பயின்றார். மேல்நாட்டு இசைக்குறிப்பில் ஐந்து கோடுகளும் அவற்றிடையே நான்கு இடைவெளிகளும் உண்டு. ஒரு குறி மேலே ஏற ஏறச் சுரம் உயரும்; கீழே இறங்க இறங்கச் சுரம் தாழும். குறியின் வடிவத்தைக் கொண்டு அச்சுரம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதை அறியலாம். நாம் அ, ஆ கற்றபின் நூல்களைப் படிப்பது போலவே, இக்குறிகளைக் கற்றவர் முன்பின் கேட்டறியாத பாட்டையும் படித்து வாசிக்க முடியும்.

இக்காலத்துப் பிள்ளைகள் தாம் பாடியதைக் கைப்பேசியில் நொடிப்பொழுதில் பதிவு செய்து, பிழை கண்டு திருத்திக்கொள்கின்றனர். ரம்லியின் இளமைக் காலத்தில் எளியவர் வீட்டில் ஒலிப்பதிவுக் கருவி ஏது? மனத்தில் தோன்றிய மெட்டு மறந்து போகாமலிருக்க வேண்டுமானால், நினைவில் நிறுத்த வேண்டும். அன்றேல் தாளில் எழுத வேண்டும். மேலும், இருபது பேர் கொண்ட இசைக்குழுவுக்குத் தம் கருத்தை உணர்த்த விரும்பும் ஒருவருக்குக் குரல் வளம் மட்டும் போதாது. இசையின் இலக்கணமும் தெரிந்திருத்தல் வேண்டும். இளமையில் அவர் கற்ற இக்கல்வியே பின்னாளில் அவரைப் பாடகர் என்னும் நிலையிலிருந்து இசையமைப்பாளர் என்னும் நிலைக்கு உயர்த்தியது.

பினாங்கில் இளைஞர்கள் அமைத்த குரொஞ்சோங் இசைக்குழுவில் சேர்ந்து விழாக்களில் பாடினார். 1945-ஆம் ஆண்டு வானொலி நடத்திய பாட்டுப் போட்டியில் கலந்துகொண்டார். கிடைத்தது நான்காம் இடம். வேறொருவராயின் மனம் சோர்ந்து கருவியை மூலையில் வைத்திருப்பர். ரம்லி மறுஆண்டு மீண்டும் முயன்றார். இரண்டாம் இடம் பெற்றார். 1947-ஆம் ஆண்டு மூன்றாம் முறையாக மேடையேறினார்; முதற்பரிசை வென்று, வடமலாயாவின் சிறந்த பாடகர் என்னும் சிறப்பைப் பெற்றார். தோல்வியைப் படிக்கல்லாக்கிக் கொள்வது எவ்வாறு என்பதை இம்மூன்று ஆண்டுகளும் நமக்கு உணர்த்துகின்றன.

1948-ஆம் ஆண்டு புக்கிட் மெர்தாஜாமில் நடைபெற்ற விழா ஒன்றில் அவர் தாமே இயற்றிய 'அசிசா' என்னும் பாடலைப் பாடினார். அங்கிருந்த திரைப்பட இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் அக்குரலில் மனம் பறிகொடுத்து, அவரைச் சிங்கப்பூருக்கு அழைத்தார். அவ்வாண்டே ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பு நிலையத்தில் ரம்லி பணியில் சேர்ந்தார். அவர் பங்கேற்ற முதற்படம் 'சிந்தா'. அதில் அவருக்குக் கிடைத்தது கதாநாயகன் வேடமன்று, வில்லன் வேடமே. கதாநாயகனுக்காகத் திரைக்குப் பின்னால் நின்று பாடவும் செய்தார். கிடைத்த வேலை சிறிதெனினும் அதனைத் திருந்தச் செய்தார்.

அக்காலத்தில் மலாய்ப் படங்களை இயக்கியவருள் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்தவர்களே. அவர்களுள் ஒருவரான எல். கிருஷ்ணன் இயக்கிய 'பக்தி' என்னும் படத்தில், 1950-ஆம் ஆண்டு, ரம்லி முதன்முறையாகக் கதாநாயகனாக நடித்தார். நடிக்கும்போதே இயக்கத்தையும் கதை அமைப்பையும் அருகிருந்து கற்றுக்கொண்டார். 1955-ஆம் ஆண்டு 'பெனாரிக் பேச்சா' என்னும் படத்தைத் தாமே இயக்கினார். திரிசக்கர வண்டியோட்டும் ஏழை ஒருவனின் வாழ்வைக் கூறும் கதை அது. உழைத்து உண்பவனின் மானத்தைத் திரையில் உயர்த்திக் காட்டிய அப்படம் ஏழை எளியோரின் உள்ளங்களில் நீங்கா இடம் பெற்றது.

1957-ஆம் ஆண்டு தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் 'அனாக்கு சசாலி' படத்துக்காகச் சிறந்த நடிகர் விருது அவருக்கு வழங்கப்பட்டது. அப்படத்தில் தந்தையாகவும் மகனாகவும் இரு வேடங்களில் நடித்திருந்தார். 1962-ஆம் ஆண்டு வெளிவந்த 'இபு மெர்துவாக்கு' ஓர் இசைக்கலைஞனின் துயரக் கதை. மணமகன் இசைக்கலைஞன் என்பதாலேயே அவனை இகழும் மாமியாரை அதில் காணலாம். பாட்டும் கூத்தும் சோறு போடுமா என்று எண்ணும் உலகின் போக்கை அவர் நன்கு அறிந்தவர் அல்லவா? 1963-ஆம் ஆண்டு பல்துறை ஆற்றலுக்கான தனிவிருதையும் அவ்விழா அவருக்கு அளித்தது.

அறுபதுக்கும் மேற்பட்ட படங்களில் பங்கேற்ற அவர், இருநூறுக்கும் அதிகமான பாடல்களை நமக்கு விட்டுச் சென்றார். மலாய் மக்களின் அஸ்லி, ஜோகெட் மெட்டுகளோடு மேல்நாட்டு வால்ட்சு, ரும்பா தாளங்களையும் அவர் இணைத்தார். தம் வேரை மறவாமல் பிறர் கலையையும் மதித்து ஏற்றதே அவர் இசையின் சிறப்பு. புகழ்பெற்ற பாடகி சலோமா அவருக்கு வாழ்க்கைத் துணைவியாகவும் பாட்டில் துணைவியாகவும் விளங்கினார்.

1964-ஆம் ஆண்டு அவர் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்கு வந்து மெர்டேக்கா படப்பிடிப்பு நிலையத்தில் பணியாற்றினார். அங்கே வசதிகள் குறைவு. காலமும் மாறிக்கொண்டிருந்தது. மின்கித்தார் ஏந்திய இளைஞர் குழுக்களின் துள்ளலிசையில் மக்கள் மயங்கினர். வண்ணப்படங்கள் பெருகின. அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு முன்போல் கூட்டம் வரவில்லை. ஒருகாலத்தில் போற்றிய மக்களே அவரைப் பழையவர் என்று ஒதுக்கினர். வருவாயும் குன்றியது. கித்தார் பழகிப் புகழ்பெற்ற ஒருவரை, கித்தார் இசையின் புதிய அலையே ஓரத்தில் தள்ளியதை என்னென்பது! 1972-ஆம் ஆண்டு வெளிவந்த 'லக்சமனா தோ ரே மி' அவருடைய கடைசிப் படமாயிற்று. 1973-ஆம் ஆண்டு மேத் திங்கள் 29-ஆம் நாள் மாரடைப்பால் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 44.

மறைந்த பின்னரே நாடு அவருடைய அருமையை முற்றும் உணர்ந்தது. கோலாலம்பூர் மாநகரில் ஒரு சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. சித்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த இல்லம் 1986-ஆம் ஆண்டு நினைவகமாகத் திறக்கப்பட்டது. 1990-ஆம் ஆண்டு அவருக்கு 'தான் ஸ்ரீ' விருது அளிக்கப்பட்டது. பினாங்கில் அவர் பிறந்த மரவீடும் போற்றிக் காக்கப்படுகின்றது. தொலைக்காட்சியில் அவர் படம் வரும்பொழுது மலாயர், சீனர், இந்தியர் என்னும் வேறுபாடின்றி அனைவரும் கூடியிருந்து சிரிப்பதையும் கண்கலங்குவதையும் நாம் கண்டிருக்கிறோம். ஆனால் அந்தப் பாராட்டைக் கேட்க அவர் இல்லை.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை ஒரு கித்தாரையோ புல்லாங்குழலையோ கையில் எடுத்தால், வீண்வேலை என்று வெறுத்துவிடாதீர்கள். பாடத்துக்கு ஒரு நேரமும் இசைக்கு ஒரு நேரமும் வகுத்துக் கொடுங்கள். உடன் வாழும் கலைஞரை அவர் வாழும்போதே போற்றுங்கள்.

மாணவச் செல்வங்களே! நான்காம் இடம் கிடைத்தால் நாணி ஒதுங்காதீர்கள். விரல் வலித்தாலும் பழகுங்கள். ஐயம் தோன்றினால் ஆசிரியரிடம் கேட்டு முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். நான்கு நரம்புக் கருவியில் தொடங்கி நாடு போற்றும் நிலைக்கு உயர்ந்த அந்த மேதையின் வாழ்வு உங்களுக்கு ஒளிவிளக்காகத் திகழட்டும்.

வாழ்க அவர் புகழ்! வளர்க கலை!