ஐயாயிரம் அடி எல்லையைக் காத்த ஹூக்கர்

மாத்தளை மாவட்டத்துப் பல்லேகமவில் நின்று நிமிர்ந்து பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது நக்கிள்ஸ் மலைத்தொடர். அம்பன் கங்கையில் கலக்கும் களு கங்கை அங்குதான் ஊற்றெடுக்கிறது. அந்த ஆற்றை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கத்துக்காகப் பழைய பல்லேகமப் பட்டினமே இடம்பெயர்ந்து, 2018இல் புதிய நகரானது. மக்கள் தம் ஊரையே ஈடாகக் கொடுத்த அந்த நீர் வற்றாதிருக்க வேண்டுமாயின், மலையுச்சிக் காடு நிலைத்திருக்க வேண்டும். அக்காட்டுக்கு முதல் சட்டக் காப்பு கிடைத்ததில் ஓர் ஆங்கிலேயத் தாவரவியலாளருக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் ஜோசப் டால்டன் ஹூக்கர்.

1817ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் பிறந்த ஹூக்கர், மருத்துவம் பயின்று, 1839இல் எரெபஸ் கப்பலில் அண்டார்க்டிக் கடலுக்குச் சென்றார். பின்னர் இமயமலையில் தாவரங்களைச் சேகரித்தார். 1849இல் சிக்கிமில் சிறைப்பிடிக்கவும் பட்டார். டார்வினின் நெருங்கிய நண்பரான அவர், 1865இல் தம் தந்தையாரைத் தொடர்ந்து லண்டனை அடுத்த கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநரானார்.

அரச குடும்பத்தின் உடைமையாயிருந்த கியூ, 1840இல் அரசின் பொறுப்புக்கு வந்திருந்தது. நாடாளுமன்றம் ஒதுக்கிய பணத்தில் இயங்கியது. பொதுமக்கள் கட்டணமின்றி உலாவினர். காலை வேளை ஆய்வுக்கு உரியது, பிற்பகலே பொழுதுபோக்குக்கு என்பதில் ஹூக்கர் பிடிவாதமாக இருந்தார். 1869இல் பொதுப்பணித் துறைக்குப் பொறுப்பேற்ற அயர்ட்டன், சிக்கனத்தின் பெயரால் இயக்குநரின் அதிகாரங்களை ஒவ்வொன்றாகப் பறிக்கத் தொடங்கினார். டார்வின் உள்ளிட்ட அறிஞர்கள் ஹூக்கருக்காகப் பிரதமர் கிளாட்ஸ்டனிடம் முறையிட்டனர். 1872இல் இவ்விவகாரம் நாடாளுமன்றத்திலும் விவாதிக்கப்பட்டது. மறு ஆண்டு அயர்ட்டன் வேறு பதவிக்கு மாற்றப்பட்டார், கியூ தப்பியது. ஆட்சியாளரின் விருப்பு வெறுப்புக்கு ஏற்ப மாறும் நிதியைக் கொண்டு நெடுங்காலப் பணி எதையும் நடத்த முடியாது என்பதை ஹூக்கர் சொந்த அனுபவத்தில் உணர்ந்த காலம் அது.

அதே 1873இல்தான் இலங்கையின் மலைக்காடுகள் பற்றிய கேள்வி அவர் முன் வந்தது. அன்று காலனித்துவ அரசுக்குக் காடு என்பது செலவினம் அன்று, வருமானம். முடிக்குரிய நிலங்களைக் கோப்பித் தோட்டக்காரர்களுக்கு விற்றுக் கருவூலத்தை நிரப்பினர். உயரமான சரிவுகளையும் விற்றால் ஆறுகள் வறளும், மண் கரையும் என்று பேராதனைப் பூங்காவின் துவைட்ஸ் அஞ்சினார். அந்த அச்சத்தை ஏற்ற ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்கலாகாது எனப் பரிந்துரைத்தார். அரசும் இணங்கியது. நக்கிள்ஸ் உச்சிகளும் ஹோர்ட்டன் சமவெளியும் தோட்டங்களாகாமல் தப்பியதற்கு அந்த ஆணையே அடிப்படை.

ஆயினும் ஆணை வந்ததே தவிர, காவல் வரவில்லை. காடுகளுக்கெனத் தனித் திணைக்களம் 1887இல்தான் அமைந்தது. எல்லைக்குக் கீழே கோப்பியும் தேயிலையும் பரவின. பிற்காலத்தில் நக்கிள்ஸ் காட்டின் கீழ்ச்செடிகள் அகற்றப்பட்டு ஏலக்காய் நடப்பட்டது. ஹூக்கரும் குறையற்றவர் அல்லர். 1876இல் கியூவிலிருந்து இலங்கைக்கு வந்த இறப்பர் நாற்றுகள், தாழ்நிலக் காடுகள் பல அழியக் காரணமாயின. நக்கிள்ஸ் பாதுகாப்பு வனமாக அறிவிக்கப்பட 2000ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று; 2010இல் அது உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

பிரித்தானிய இந்தியத் தாவரங்கள் பற்றிய ஏழு தொகுதிகளை 1897இல் முடித்த ஹூக்கர், டிரைமன் மறைவால் நின்றுபோன இலங்கைத் தாவர நூலின் எஞ்சிய பகுதிகளையும் எண்பது வயதுக்கு மேல் எழுதி முடித்தார். 1911ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், 94ஆம் வயதில் காலமானார்.

அவர் வாழ்வு நமக்குச் சொல்வது இதுதான்: காட்டைக் காக்க எல்லைக்கோடு மட்டும் போதாது, ஆண்டுதோறும் தவறாத நிதியும் வேண்டும். அமெரிக்கா 1964இல் நிலத்துக்கும் நீருக்குமென ஒரு நிதியம் அமைத்தது; கடலடி எண்ணெய் வருமானத்திலிருந்து அதற்குப் பணம் சேர்ந்தது. ஆனால் அப்பணத்தில் பெரும்பகுதி பல்லாண்டுகள் வேறு செலவுகளுக்குத் திருப்பப்பட்டது. ஆண்டுக்கு 90 கோடி டொலர் முழுமையாகக் கிடைப்பதை 2020இல் சட்டம் உறுதிசெய்தது. பெயரளவில் நிதியம் இருந்தால் போதாது என்பதற்கு இதுவே சான்று.

பிட்டவல பத்தனைப் புல்வெளிக்கும் ரிவர்ஸ்டன் மலைக்கும் விடுமுறை நாள்களில் திரளும் பயணிகள் தரும் பணத்தில் ஒரு பகுதியாவது அம்மலையின் காவலுக்கும் பாதைப் பராமரிப்புக்கும் சட்டப்படி ஒதுக்கப்பட வேண்டும். அந்நீரால் விளையும் வயல்களின் பயனிலும் ஒரு பங்கு காட்டுக்குத் திரும்ப வேண்டும். ஊரை விட்டுக்கொடுத்த பல்லேகம மக்களுக்கு நாடு செலுத்த வேண்டிய கடனும் அதுவே.