மயிலையில் நான்கு மாதங்கள்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்ரயிலில் பழவந்தாங்கலைத் தாண்டியதும் சன்னல் வழியே பரங்கிமலை தெரியும். நம் மாணவியரில் பலர் அவ்விடம் வந்ததும் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்துகொள்வார்கள். தோமையாரை நினைத்துச் செய்யும் வணக்கம் அது. அந்தத் தோமையாரைத் தேடி, தம் வாழ்க்கையில் அடுத்து எங்கே அடியெடுத்து வைப்பது என்று தெரியாத நிலையில், 1545-ஆம் ஆண்டு ஒரு குருவானவர் இந்தக் கரைக்கு வந்தார். அவர் நம் வீடுகளிலும் கோவில்களிலும் கையில் சிலுவை ஏந்திய படமாகக் காட்சி தரும் புனித பிரான்சிஸ் சவேரியாரேதான்.

சவேரியார் என்றால் கோவாவும், மணப்பாடும், கோட்டாறும் நினைவுக்கு வருகின்றன. அவர் மயிலையில் நான்கு மாதங்கள் தங்கியிருந்ததை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பள்ளி இறுதி வகுப்பை முடித்துவிட்டு, மேலே படிப்பதா, வேலைக்குப் போவதா, வீட்டார் பார்க்கும் வரனுக்குச் சம்மதிப்பதா, தேவ அழைத்தல் என்று மனத்தில் தோன்றுவது உண்மைதானா என்றெல்லாம் கலங்கி நிற்கும் பெண்கள் ஆண்டுதோறும் நம் பள்ளியிலிருந்து வெளியே போகிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே, இந்தப் புனிதரின் வாழ்வை இவ்வாண்டு மலரில் எழுதத் துணிந்தோம்.

1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், நவாரா நாட்டில் சவேரியார் கோட்டையில் கடைக்குட்டியாகப் பிறந்தார் பிரான்சிஸ். தந்தை அரசரின் ஆலோசனைச் சபைத் தலைவர். ஆறு வயதில் நாடு ஸ்பெயினின் வசமாயிற்று. ஒன்பது வயதில் தந்தை இறந்தார். பத்து வயதில், பகைவரின் கட்டளைப்படி கோட்டையின் மதில்கள் இடிக்கப்பட்டதைக் கண்ணாரக் கண்டார். அண்ணன்மார் போருக்குப் போனார்கள். 1521-இல் பம்ப்லோனா கோட்டையை மீட்க அவர்கள் தரப்பு முற்றுகையிட்டபோது, எதிர்த்தரப்பில் நின்று காலில் குண்டடிபட்டு விழுந்த வீரர் ஒருவர் உண்டு. அவர்தான் லொயோலா இஞ்ஞாசியார். பிற்காலத்தில் உயிர் நண்பர்களான இருவரின் உறவு இப்படிப் பகைக்களத்தில் தொடங்கியது!

பிரான்சிஸ் வாளை எடுக்கவில்லை, புத்தகத்தை எடுத்தார். 1525-இல் பாரீஸ் சென்று புனித பார்பரா கல்லூரியில் சேர்ந்தார். விளையாட்டில் வல்லவர், பேச்சில் இனியவர். பட்டம் பெற்று ஆசிரியராகவும் ஆனார். சொந்த ஊர்ப் பக்கத்துப் பேராலயத்தில் வருமானமுள்ள ஒரு பதவியைப் பெற்று, நொடித்துப்போன குடும்பத்தின் மானத்தை நிமிர்த்த வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அதற்காக 1531-இல் தம் குலப்பெருமைக்குச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பமும் போட்டார். இதில் பாவம் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது நல்ல பதவி, கோவில் பதவி, வீட்டாருக்கும் மகிழ்ச்சி. நம் முன்னே வரும் கடினமான தெரிவுகளும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. நன்மைக்கும் தீமைக்கும் நடுவே நிற்கும்போது வழி எளிதில் தெரியும். இரண்டு நன்மைகளுக்கு நடுவேதான் நாம் திணறுகிறோம்.

1529-இல் அதே கல்லூரிக்கு, நடுத்தர வயதில், நொண்டியபடி வந்து சேர்ந்தார் இஞ்ஞாசியார். பிரான்சிசும் பீட்டர் பேபரும் தங்கியிருந்த அறையிலேயே அவருக்கும் இடம் கிடைத்தது. பேபர் விரைவில் அவர் பக்கம் சாய்ந்தார். பிரான்சிஸ் சாயவில்லை, கிண்டல் செய்தார். இஞ்ஞாசியார் வாதாடவில்லை. பிரான்சிசின் வகுப்புக்கு மாணவர்களைச் சேர்த்துவிட்டார், கை வறண்டபோது பண உதவி செய்தார். உலகம் முழுவதையும் ஆதாயமாக்கி ஆன்மாவை இழப்பவனைப் பற்றி நற்செய்தியில் ஆண்டவர் எழுப்பும் கேள்வியை, சமயம் பார்த்து நினைவூட்டி வந்தார். வெல்வதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன. 1534-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, பாரீசின் மோன்மார்த்ர் குன்றில் ஏழு நண்பர்கள் வார்த்தைப்பாடு கொடுத்தபோது பிரான்சிசும் அவர்களுள் ஒருவர்.

அதன் பின்னரே அவர் இஞ்ஞாசியாரின் முப்பது நாள் தியானத்தைச் செய்தார். வாழ்வில் ஒன்றைத் தெரிந்துகொள்ளும் முறை அந்தத் தியானத்தில் விரிவாக உள்ளது. அதைச் சற்றே சொல்லாமல் மேலே போக முடியாது. முதலில், இதுதான் வேண்டும் என்ற பிடிவாதத்தைத் தளர்த்தி, தராசின் முள்ளைப் போல நடுவில் நிற்கப் பழக வேண்டும். இறைவனுக்கு உகந்ததாகச் செய்த தீர்மானத்தை, மனம் சோர்ந்து இருண்டு கிடக்கும் வேளையில் மாற்றக்கூடாது. முன்பின் தெரியாத ஒருவர் இதே சிக்கலோடு நம்மிடம் வந்தால் அவருக்கு என்ன யோசனை சொல்வோமோ, அதை நமக்கே சொல்லிப் பார்க்க வேண்டும். சாகும் தறுவாயில், இன்று எதைத் தெரிந்துகொண்டிருக்கலாம் என்று விரும்புவோமோ அதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். படிக்கும்போது எளிதாகத் தோன்றும். அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு யோசனை சொல்வதில் நாம் எல்லோருமே கெட்டிக்காரர்கள். நமக்கென்று வரும்போது அந்தக் கெட்டிக்காரத்தனம் எங்கே ஓடி ஒளிகிறதோ!

நண்பர்கள் தெரிந்துகொண்ட இடம் எருசலேம். வெனிஸ் நகரில் கப்பலுக்காகக் காத்திருந்தார்கள். 1537 சூன் 24-இல் பிரான்சிஸ் அங்கேயே குருப்பட்டம் பெற்றார். துருக்கியரோடு போர் மூண்டதால் கப்பல் கிடைக்கவில்லை. எருசலேம் கைநழுவியது. பாப்பரசர் அனுப்பும் இடத்துக்குப் போவோம் என்று உரோமை சென்றார்கள். போர்த்துக்கல் அரசர் இந்தியாவுக்குக் குருக்கள் வேண்டும் என்று கேட்டபோது இஞ்ஞாசியார் நியமித்தது வேறு இருவரை. அவர்களில் பொபடில்லா என்பவர் நோயில் விழவே, ஓரிரு நாட்களில் புறப்படும்படி பிரான்சிசிடம் சொன்னார். அவரும் உடனே இசைந்தார். இந்தியாவின் அப்போஸ்தலர் இந்தியாவுக்கு வந்தது இன்னொருவருக்குப் பதிலாக! லிஸ்பனுக்குப் போகும் வழியில் தாயாரைப் பார்க்காமலே கோட்டையைக் கடந்து சென்றார் என்று பழைய சரித்திரங்களில் உருக்கமாக எழுதியிருப்பார்கள். தாயார் 1529-இலேயே இறந்துவிட்டார். துறவை உயர்த்திக் காட்டுவதற்கு இல்லாத கதை தேவையில்லை என்பது நம் எண்ணம்.

1542 மே 6-இல் கோவா சேர்ந்தார். அதே ஆண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் தெரிந்தவர்களின் துணையோடு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, தெருத்தெருவாக மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்த வரலாறு நமக்குத் தெரிந்ததே. அதை இங்கு விரிக்கவில்லை.

நாம் சொல்ல வந்தது அதற்குப் பின் நடந்தது. 1544-இல் மன்னாரில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொன்றான். மாண்டவர்கள் அறுநூறு பேர் வரை என்பர். சவேரியாரின் நெஞ்சு கொதித்தது. மன்னனைத் தண்டிக்கப் போர்த்துக்கீசியப் படையை அனுப்பும்படி ஆளுநரைக் கேட்டு, ஆணையும் பெற்று, 1545-இன் தொடக்கத்தில் நாகப்பட்டினத்துக்கு வந்து காத்திருந்தார். அந்த நேரத்தில் பெகுவிலிருந்து சரக்கோடு வந்த போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டியது. சரக்கு மன்னன் கையில் சிக்கியது. அதை மீட்கும் கவலையில் படையெடுப்பு கைவிடப்பட்டது. மாண்டவர்களின் இரத்தத்தைவிடக் கப்பல் சரக்கு பெரிதாயிற்று!

சவேரியாரின் இந்த முயற்சியைப் புகழ நமக்கு மனம் வரவில்லை. துயரத்தில் பிறந்த ஆத்திரம் அது; பீரங்கியால் நற்செய்திக்கு வழி திறக்கலாம் என்று நம்பிய காலத்தின் பிழையும் அதில் உண்டு. புனிதரின் எல்லாத் தீர்மானங்களும் புனிதமானவை அல்ல. நாகையில் நின்றபோது அவர் கையில் எந்தத் திட்டமும் இல்லை. முத்துக்குளித்துறைக்குத் திரும்பலாம்; அங்கே பிள்ளைகளைப் போன்ற மக்கள் காத்திருந்தார்கள். மறுபுறம், தொலைவில் மக்காசார் தீவில் அரசர்கள் திருமுழுக்குப் பெற்றதாகவும், கற்பிக்கக் குருக்கள் இல்லை என்றும் செய்தி வந்திருந்தது. எது இறைவனின் சித்தம்?

மயிலைக்குப் போக முடிவு செய்தார். ஏறிய கப்பல் எதிர்க்காற்றால் திரும்பிவிட்டது. கடலோரமாக ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நடந்தே வந்தார் என்பர்.

அன்றைய மயிலை இன்று நாம் காணும் சாந்தோம் அல்ல. இப்போதுள்ள பேராலயம் 1896-இல் திறக்கப்பட்டது. பரங்கிமலையில் நாம் சிலுவைப் பாதை செய்து ஏறும் படிகளை, ஆர்மீனிய வணிகர் ஒருவர் 1726-இல்தான் அமைத்தார். மலைமேல் வணங்கப்படும் கற்சிலுவை மண்ணிலிருந்து வெளிப்பட்டது 1547-இல். ஆகவே இவற்றில் எதையும் சவேரியார் கண்டிருக்க முடியாது. கடலோரத்தில் போர்த்துக்கீசியர் எழுப்பிய ஒரு கோவில், அதில் தோமையாரின் கல்லறை, அருகே பங்குக்குரு கஸ்பார் கொயெலோவின் வீடு. அந்த வீட்டில்தான் தங்கினார்.

பகலில் பாவசங்கீர்த்தனம் கேட்டார், ஞானோபதேசம் கற்பித்தார், பகையாளிகளைச் சேர்த்து வைத்தார். இரவில் எல்லோரும் உறங்கிய பின் தோட்டத்தின் வழியே கல்லறைக்குப் போய் முழந்தாளிட்டார். ஓரிரவு பேய்கள் அவரை அடித்தன என்றும், தேவதாயைக் கூவி அழைக்கும் குரல் கேட்டது என்றும், இரண்டு நாள் படுக்கையில் கிடந்தவரைக் கொயெலோ சுவாமி அந்தக் கூவலைச் சொல்லிக்காட்டியே கேலி செய்தார் என்றும் ஒரு வரலாறு உண்டு. அடித்தது பேயோ, அவருடைய நெஞ்சின் போராட்டமோ, நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. பெரிய முடிவுக்கு முந்தின இரவுகள் நிம்மதியாகக் கழிவதில்லை என்பதை, கல்லூரி விண்ணப்பத்தோடு விழித்திருந்த பெண்களும் அறிவார்கள். மகளுக்காக விழித்திருந்த தாய்மாரும் அறிவார்கள்.

மே 8-ஆம் நாள் கோவாவிலிருந்த நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். தம் உள்ளத்தில் இறைவனின் சித்தத்தை உணரச் செய்யும்படி இந்தத் திருத்தலத்தில் வேண்டி வந்ததையும், மிகுந்த ஆறுதலோடு விடை கிடைத்ததையும் அதில் தெரிவிக்கிறார். மலாக்காவுக்கும் அங்கிருந்து மக்காசாருக்கும் போக வேண்டும். போர்த்துக்கீசியக் கப்பல் இல்லாவிட்டால் வேறு யாருடைய கப்பலிலாவது ஏறுவார். எந்தக் கப்பலுமே போகாமல் ஒரு கட்டுமரம் மட்டும் புறப்பட்டாலும் நம்பிக்கையோடு அதில் ஏறிவிடுவார். நம் மீனவரின் கட்டுமரம் அந்தச் சொல்லோடேயே அக்கடிதத்தில் இடம் பெற்றிருப்பதைப் பார்த்து நாம் மகிழ்ந்தோம்.

முடிவு கிடைத்தது, காற்று கிடைக்கவில்லை. பருவம் மாறக் கோடை முழுவதும் காத்திருந்தார். தெளிந்த முடிவை அடுத்த வாரமே புரட்டிப் போடாமல் வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அங்கேயே ஒரு சாட்சி இருந்தார். ஜுவான் தே எய்ரோ என்ற வணிகர் சவேரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, எல்லாவற்றையும் விற்று அவரைப் பின்செல்வதாகச் சொன்னார். விற்கவும் செய்தார். பிறகு மனம் மாறி, இரகசியமாக ஒரு கப்பலை வாங்கி ஓடிவிடத் தயாரானார். புறப்படும் நேரத்தில் ஒரு சிறுவன் ஓடிவந்து, சுவாமி கூப்பிடுகிறார் என்றான். அவருக்கு எப்படித் தெரிந்தது? எய்ரோ தலைகுனிந்து வந்து, கப்பலை விற்று, மறுபடி அவரோடு சேர்ந்தார். இந்த மனிதரிடம் நமக்குத் தனி அன்பு உண்டு; நம்மில் பெரும்பாலோர் சவேரியாரைவிட இவரைத்தானே ஒத்திருக்கிறோம்!

முத்துக்குளித்துறை மக்களை அவர் மறந்தாரா என்று கேட்கலாம். தம் இடத்தில் பணிபுரிந்த மான்சிலாஸ் அடிகளுக்கு, ஓரிடத்தில் தங்கிவிடாமல் ஊர் ஊராகச் சென்று அவர்களைக் கவனிக்கும்படி எழுதியிருந்தார். ஆயினும் அந்தக் கரையில் அவரைத் தேடிய கண்கள் எத்தனையோ. நல்ல முடிவுக்கும் விலை உண்டு. அதில் ஒரு பகுதியை மற்றவர்களும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆகஸ்டு இறுதியில் கப்பலேறிச் செப்டம்பரில் மலாக்கா சேர்ந்தார். அங்கே மக்காசாரைப் பற்றிய நல்ல செய்தி எதிர்பார்த்தபடி வரவில்லை. 1546 சனவரியில் அம்போன் தீவுகளுக்குப் புறப்பட்டார். அத்தனை இரவுகள் மன்றாடித் தெரிந்துகொண்ட மக்காசாரில் அவர் கால் கடைசிவரை படவேயில்லை! ஆனால் மலாக்காவுக்குத் திரும்பிய போது, 1547 டிசம்பரில், அஞ்ஜிரோ என்ற சப்பானியரைச் சந்தித்தார். 1549 ஆகஸ்டு 15-இல், மோன்மார்த்ர் வார்த்தைப்பாடு கொடுத்துச் சரியாகப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, சப்பானில் இறங்கினார். அங்கிருந்து சீனாவின் மேல் நாட்டம் திரும்பியது. எருசலேமையும் மக்காசாரையும் போலச் சீனாவும் எட்டாமலே போயிற்று.

1552-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள், சீனக் கரை கண்ணுக்கெட்டும் தூரத்தில், சான்சியான் தீவில், அந்தோனி என்ற சீனக் கிறிஸ்தவர் அருகிருக்கக் காய்ச்சலில் உயிர் நீத்தார். வயது நாற்பத்தாறு. கழுத்தில் ஒரு சிறு பேழை தொங்கியது. அதனுள் இஞ்ஞாசியாரின் கையெழுத்து, தம் கையால் எழுதிய வார்த்தைப்பாடு, மயிலையிலிருந்து கொண்டு சென்ற தோமையாரின் சிறு எலும்புத் துண்டு ஆகியவை இருந்தன.