பல்லாவரத்தில் கிடைத்த கல்

சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்தில், பட்டாளத்து மைதானத்தருகே, சரளை வெட்டிய ஒரு பள்ளம் இருந்தது. 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், வெட்டிப்போட்ட செம்புரான் கற்களுக்கிடையே ஓர் இளைஞர் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அவர் கையில் அகப்பட்டது ஒரு சாதாரணக் கல். பாதை போடுவோர் எத்தனையோ வண்டிகளில் அதுபோன்ற கற்களை அள்ளிச் சென்றிருப்பர். ஆனால் அந்த இளைஞர் அதை வைத்துக்கொண்டார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அன்றுதான் பிறந்தது.

அவர் பெயர் ராபர்ட் புரூஸ் ஃபுட். 1834-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் செல்டன்ஹாம் நகரில் பிறந்தவர். 1858-ஆம் ஆண்டு, 24-ஆம் வயதில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணைகொண்டு விவிலியத்தைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளே பின்னர் இவருக்கு மனைவியாக வாய்த்தார்.

துறை இவருக்கு இட்ட பணி பாறைகளை ஆய்ந்து நிலவியல் படம் வரைவது, ஆதிமனிதனைத் தேடுவதன்று. எனினும் அக்காலத்தில் ஐரோப்பாவில் ஒரு பெரும் வாதம் நடந்துகொண்டிருந்தது. மனித குலத்தின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்று பலர் நம்பிய காலம் அது. பிரான்சில் சோம் ஆற்றுப் படிவுகளில், மறைந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு செதுக்கிய கற்களும் கிடைப்பதை பூஷே த பெர்த் என்பார் நெடுநாள் எடுத்துரைத்தும் யாரும் செவிசாய்க்கவில்லை. 1859-ஆம் ஆண்டு பிரெஸ்ட்விச், எவான்ஸ் என்னும் இரு ஆங்கிலேய அறிஞர்கள் நேரில் சென்று பார்த்து உண்மையென ஒப்புக்கொண்டனர். இச்செய்தி அறிந்த ஃபுட், அத்தகைய கற்கள் ஐரோப்பாவில் மட்டுந்தானா இருக்கும் என்று எண்ணித் தேடத் தொடங்கினார்.

இயற்கையில் உடைந்த கல்லையும் மனிதன் உடைத்த கல்லையும் எவ்வாறு பிரித்தறிவது? ஆற்றில் உருளும் கல் எப்படி வேண்டுமானாலும் உடையும். கைக்கோடரியிலோ இரு புறமும் மாறி மாறிச் சில்லுகள் பெயர்க்கப்பட்டிருக்கும். ஓரம் கூராகி, ஒரு முனை குறுகியிருக்கும். அடி விழுந்த இடத்திலிருந்து சில்லு கழன்ற தழும்பும் தெரியும். அதில் ஓர் ஒழுங்கு, ஒரு நோக்கம் இருக்கும். பிரான்சில் இதற்கு ஃபிளின்ட் என்னும் சிக்கிமுக்கிக் கல் பயன்பட்டது. சென்னைப் பகுதியில் அது இல்லை. இங்குள்ள ஆதிமனிதன் குவார்ட்சைட் என்னும் கடினமான கல்லை எடுத்து அதே வடிவத்தைச் செய்திருந்தான். கல் வேறானாலும் கைவேலை ஒன்றாயிருந்ததை ஃபுட் கண்டார்.

அதே ஆண்டு செப்டம்பர் மாதம், வில்லியம் கிங் என்னும் சக ஊழியரோடு கொசஸ்தலையாற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கம் சென்றார். அங்கே ஓடைக்கரையில் ஏராளமான கருவிகள் கிடைத்தன. கல்லைக் கண்டெடுத்தவர் பலர் இருக்கலாம். எந்த ஊர், எந்தப் படிவு என்று குறித்துவைத்ததே ஃபுட்டின் தனிச்சிறப்பு. இடம் தெரியாத கல் வெறும் வேடிக்கைப் பொருள். இடம் தெரிந்த கல்லே சான்று.

பின்னர் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அவர் தேடல் ஓயவில்லை. 1884-ஆம் ஆண்டு முதல் கர்நூல் பில்ல சுர்கம் குகைகளைத் தம் மகன் ஹென்றியுடன் அகழ்ந்தார். 1891-ஆம் ஆண்டு ஓய்வு பெற்றும் பரோடா, மைசூர் சமஸ்தானங்களில் பணியாற்றினார். அவர் கருத்துகளில் பிழையும் உண்டு. பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் இடையே மனிதரே இல்லாத நீண்ட இடைவெளி இருந்ததென அவர் எண்ணினார். இடைக்காலக் கருவிகளைக் கண்டெடுத்துப் பின்வந்தோர் அதைத் திருத்தினர்.

ஏற்காட்டில் வீடமைத்து வாழ்ந்த அவர், 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் காலமானார். அவர் திரட்டிய கற்கள் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அவற்றைப் பற்றி அவர் எழுதிய இரு நூல்கள் அவர் மறைவுக்குப் பின் 1914, 1916-ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன.

தாம் கண்ட கருவிகளின் வயது இத்தனை ஆண்டு என்று சொல்லும் வழி ஃபுட் காலத்தில் இல்லை. ஆனால் அவர் குறித்துவைத்த அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு முதலிய ஆய்வாளர்கள் மீண்டும் அகழ்ந்தனர். புதைந்த கல்லில் காஸ்மிக் கதிர்கள் விட்டுச்சென்ற அணுவகைகளை அளந்து, அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயதென 2011-ஆம் ஆண்டு வெளியிட்டனர். ஒருவர் நேர்மையாக எழுதிவைத்த குறிப்பு, 148 ஆண்டுகளுக்குப் பின் வேறொருவருக்குப் பயன்பட்டது.

நண்பர்களே! சோதனைக் கூடத்தில் நாள், இடம், அளவு என்று குறிப்பேட்டில் எழுதும்போது நமக்குச் சலிப்பு வருவதுண்டு. பல்லாவரத்தில் இன்று அந்தப் பள்ளம் இல்லை. நெருக்கமாக வீடுகள் எழுந்துவிட்டன. மண்ணும் சரளையும் வாரிய இடங்களில் எத்தனை சான்றுகள் அழிந்தனவோ! எஞ்சியிருப்பது ஃபுட் எழுதிவைத்ததே. விடுமுறையில் ஊர் செல்வோர் எழும்பூரில் ரயில் மாறும்போது அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை சென்று வருக. பின் தெற்கே போகும் வண்டி பல்லாவரத்தைக் கடக்கையில், சன்னலுக்கு வெளியே சற்று நோக்குக.