திப்புவின் ராக்கெட்டுகளும் ஒசூர் எல்லையும்

ஒசூரை அடுத்த கெலவரப்பள்ளியில் தென்பெண்ணையைத் தேக்கி நிற்கும் அணைக்குச் சற்றுத் தொலைவிலேயே கர்நாடக எல்லை. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களுள் ஒசூரும் ஒன்று. புதிய படைக்கலம் விரைவாகவும் மலிவாகவும் படைவீரரின் கையை எட்டுவது எப்படி என்பது இன்று தில்லியில் விவாதிக்கப்படும் கேள்வி. ஒருகாலத்தில் இந்த எல்லை நிலத்தையும் ஆண்ட மைசூர் மன்னர் திப்பு சுல்தான், அந்தக் கேள்விக்குத் தம் காலத்திலேயே ஒரு விடை கண்டவர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் தேவனஹள்ளியில் பிறந்தவர் திப்பு. தந்தை ஹைதர் அலி படைவீரராகத் தொடங்கி மைசூரின் ஆட்சியைக் கைப்பற்றியவர். 1767-இல், பதின்ம வயதிலேயே, குதிரைப்படையுடன் சென்னையின் புறப்பகுதிகள் வரை வந்து ஆங்கிலேயரைக் கலங்கடித்தார் திப்பு. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொல்லிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தபோதும் அவர் களத்தில் இருந்தார். அன்று வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றியதே போரின் போக்கை மாற்றியது. தீ வைத்தது ராக்கெட்டா, பீரங்கிக் குண்டா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒன்றுபடவில்லை. 1782 இறுதியில் ஹைதர் மறைய, திப்பு அரியணை ஏறினார்.

ராக்கெட் அவர் கண்டுபிடித்ததன்று. வாணவேடிக்கைக் கைவினைஞர்களிடம் அது நெடுங்காலமாக இருந்தது. காகிதக் குழாய்க்கு மாற்றாக, அடித்து உருட்டிய இரும்புக் குழாயில் வெடிமருந்தைத் திணித்ததே மைசூரின் புதுமை. இரும்பு கூடுதல் அழுத்தம் தாங்கும். எனவே ராக்கெட் தொலைவாகப் பாயும். நீண்ட மூங்கிற்கழியைக் கட்டினால் போதும். பீரங்கிக்கு வார்ப்படச்சாலையும் வண்டியும் இழுக்க மாடுகளும் வேண்டும். இதற்குக் கொல்லரும் மருந்து திணிப்பவரும் ஏவத் தெரிந்தவரும் இருந்தால் போதும்.

திப்புவின் உண்மையான சாதனை இதற்கடுத்த படியில்தான் இருக்கிறது. தாரமண்டல்பேட்டை என்னும் பெயரில் பட்டறைத் தெருக்களை அமைத்தார். ஃபத்துல் முஜாஹிதீன் என்ற போர்முறைக் கையேட்டை எழுதச் செய்தார். ராக்கெட் வீரர்களைத் தனி அணியாக ஒதுக்கி வைக்காமல் குஷூன் என்னும் ஒவ்வொரு படைப்பிரிவிலும் சேர்த்தார். ஹைதர் காலத்தில் சுமார் 1,200 ஆக இருந்த இவர்கள் எண்ணிக்கை, திப்புவின் காலத்தில் 5,000 வரை உயர்ந்ததாகக் கூறுவர்.

ஆனால், படைக்கலம் மட்டும் ஓர் அரசைக் காப்பதில்லை. 1791-இல் ஒசூரும் ராயக்கோட்டையும் ஆங்கிலேயர் வசமாயின. கிருஷ்ணகிரிக் கோட்டையோ அவர்களது தாக்குதலை முறியடித்தது. மறுஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் ஏறத்தாழ பாதி நாட்டையும் பாராமகாலையும் திப்பு இழந்தார். இரு மைந்தர்களைப் பிணையாக அனுப்ப நேர்ந்தது. 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் படை ராயக்கோட்டை வழியாகவே மைசூருக்குள் நுழைந்தது. பாராமகால் கைவிட்டுப் போனதன் விலை அன்று தெரிந்தது.

ஏப்ரல் 5-ஆம் தேதி இரவு, சுல்தான்பேட்டைத் தோப்பில் நுழைந்த ஆர்தர் வெல்லெஸ்லி, ராக்கெட்டுகளாலும் துப்பாக்கிச் சூட்டாலும் நிலைகுலைந்து பின்வாங்கினார். பிற்காலத்தில் நெப்போலியனை வென்ற அதே வெல்லிங்டன்தான் இவர். மே 4 அன்று கோட்டை வீழ்ந்தது; திப்புவும் போரிட்டு மாண்டார். அவரது ஆட்சியின் சமயப் போக்கு பற்றிய விவாதம் ஓயவில்லை. எனினும், இறுதிவரை களத்தில் நின்றதை எவரும் மறுப்பதில்லை.

கோட்டைக்குள் ஏவத்தக்க நிலையில் 700 ராக்கெட்டுகளும், மருந்து நிரப்பாத 9,000 குழாய்களும் கிடைத்ததாகக் கூறப்படுகிறது. அந்த எண்ணிக்கை சரியெனில், பட்டறை தன் வேலையைச் செய்திருக்கிறது. பட்டறைக்கும் படைக்கும் இடையிலான கடைசிப் படியில்தான் எதுவோ தடைப்பட்டிருக்கிறது.

மைசூர் ராக்கெட்டுகள் இங்கிலாந்தின் உல்விச் படைக்கலச்சாலைக்குப் போயின. வில்லியம் காங்கிரீவ் 1804 வாக்கில் சோதனைகளைத் தொடங்கி, எடைவாரியாக அளவுகளை வரையறுத்தார். 1806-இல் பூலோன் துறைமுகத்தின்மீதும், மறுஆண்டு கோபன்ஹேகன் நகரின்மீதும் அவை பாய்ந்தன.