வானத்துத் துகள்களைப் பிடித்த பாபா

குழந்தைகளே! திருப்பூர், நல்லூர் பக்கம் பாலியஸ்டர் துணி மடிக்கும் அக்காக்களைக் கேட்டுப் பாருங்கள். வறண்ட நாளில் துணியை உருவும்போது கையில் சுருக்கென்று ஒரு குட்டி ஷாக் அடிக்கும் என்பார்கள். உரசலால் துணியில் சேர்ந்த மின்னூட்டம் செய்யும் வேலை அது.

மின்னூட்டம் கொண்ட நுண்துகள்கள் வானத்திலிருந்தும் இரவு பகலாக நம் மேல் பொழிகின்றன, தெரியுமா? விண்வெளியிலிருந்து வரும் இவற்றைக் காஸ்மிக் கதிர்கள் என்பார்கள். இவற்றை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர் ஹோமி ஜஹாங்கீர் பாபா.

1909 அக்டோபர் 30 அன்று மும்பையில் பிறந்தார் பாபா. மகன் இன்ஜினியராகி, ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் வேலை பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அதற்காகவே அவரை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். பாபாவின் மனமோ இயற்பியலில் இருந்தது. இன்ஜினியரிங்கில் முதல் வகுப்பு வாங்கினால், விரும்பியதைப் படிக்கலாம் என்றார் அப்பா. பாபா கோபித்துக் கொள்ளவில்லை. 1930-ல் முதல் வகுப்பில் தேறினார். பிறகு இயற்பியலில் மூழ்கினார்.

வேகமான ஓர் எலெக்ட்ரான் காற்றில் மோதினால் என்ன ஆகும்? ஒன்று பலவாகி, பல இன்னும் பலவாகி, துகள் மழையே கொட்டும். இதை 1937-ல் ஹைட்லர் என்பவருடன் சேர்ந்து கணக்குப் போட்டு விளக்கினார்.

1939-ல் விடுமுறைக்கு இந்தியா வந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டது. திரும்பிப் போக முடியவில்லை! பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். அங்கே இயற்பியல் துறைக்குத் தலைவர் நம் சர் சி.வி.ராமன்.

போர் நிறுத்தி வைத்த இடம் நல்ல இடமாகவே அமைந்தது. ஏன் தெரியுமா? மின்னூட்டத் துகளை மின்புலம் இழுக்கும் அல்லது தள்ளும். அதன் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். காந்தப்புலம் அப்படியல்ல. ஓடும் துகளைப் பக்கவாட்டில் வளைக்கும், வேகத்தை மாற்றாது. நிற்கும் துகளைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

நம் பூமியும் ஒரு பெரிய காந்தம். அதன் காந்தக் கோடுகள் தென்னிந்தியாவில் ஏறக்குறையப் படுக்கையாக ஓடுகின்றன. மேலிருந்து வரும் துகள் அவற்றைக் குறுக்கே வெட்டியாக வேண்டும். வலு குறைந்தவை வளைந்து திரும்பிவிடும். வலுவானவை மட்டுமே உள்ளே வரும். இயற்கையே கட்டிய சல்லடை இது! பாபா விமானத்தில் கருவிகளை ஏற்றி, சுமார் 30,000 அடி உயரம் வரை இந்தத் துகள்களை அளந்தார்.

போர் முடிந்தும் அவர் வெளிநாடு போய்த் தங்கவில்லை. 1945-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். இந்திய அணுசக்தித் துறையை வளர்த்தார். 1966 ஜனவரி 24 அன்று ஆல்ப்ஸ் மலையில் நடந்த விமான விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 56.

அவர் போட்ட விதை நம் பக்கத்திலேயே முளைத்தது. அவருடைய நிறுவனம் 1950-களில் ஊட்டியில் காஸ்மிக் கதிர் ஆராய்ச்சியைத் தொடங்கியது. 2015 ஜூன் 22 அன்று சூரியப் புயல் பூமியைத் தாக்கியபோது, ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 கருவியில் சுமார் 2 மணி நேரம் வழக்கத்தைவிட அதிகத் துகள்கள் பதிவாயின. பூமியின் காந்தக் கவசம் சற்று நேரம் தளர்ந்ததே காரணம் என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

வழி அடைபட்டபோது பாபா சோர்ந்து உட்காரவில்லை. இருந்த இடத்திலேயே வேலையைத் தொடங்கினார். நீங்களும் அப்படிச் செய்யலாமே!