அணையா அடுப்பு ஏற்றிய அருளாளர்

(இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு)

தமிழகம் அருளாளர் பலரைக் கண்ட நாடு. பாடிப் பரவியவர் உண்டு. தத்துவம் உரைத்தவர் உண்டு. கோயில் எழுப்பியவர் உண்டு. ஆனால் ஏழையின் வயிற்றுப் பசியையே தம் சமயத்தின் முதற் பொருளாகக் கொண்டு, அதைத் தீர்க்க ஒரு நிலையமும் அமைத்து, தமக்குப் பின்னும் அது நடக்க வழி செய்தவர் மிகச் சிலரே. அவருள் முன்நிற்பவர் வடலூர் இராமலிங்க அடிகளார். வள்ளலார் என்று நாடே அழைக்கும் அப்பெருந்தகையின் வரலாற்றைப் பொருளியல் மாணவனாகிய நான், வறுமை என்னும் ஒரு கோணத்தில் மட்டும் இங்கே சொல்ல முற்படுகிறேன்.

நான் மணலூர்பேட்டையைச் சேர்ந்தவன். எங்கள் ஊர் தென்பெண்ணைக் கரையில் உள்ளது. ஆண்டுதோறும் தை மாதம் ஐந்தாம் நாள் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் எழுந்தருளி எங்கள் ஆற்றில் தீர்த்தவாரி காண்பார். அந்தத் திருவிழாக் கூட்டம் கலைந்தபின், தைப்பூசத்திற்கு வடலூர் செல்வோர் திருக்கோவலூர், பண்ணுருட்டி வழியாகப் புறப்படுவர். இன்று எங்கள் ஊர் கள்ளக்குறிச்சி மாவட்டம். வடலூர் கடலூர் மாவட்டம். அடிகளார் காலத்தில் இரண்டும் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன. எனவே அவரை எங்கள் மண்ணின் மைந்தர் என்று நான் உரிமை கொண்டாடுவதில் தவறில்லை.

பிறப்பும் இளமையும்

சிதம்பரத்தை அடுத்த மருதூரில், 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள், இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது மகவாக இராமலிங்கர் பிறந்தார். தந்தையார் ஊர்க் கணக்கர். பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லி வந்தவர். குழந்தை கைக்குழந்தையாக இருக்கும்போதே அவர் காலமானார். தாயார் பிள்ளைகளுடன் ஊரை விட்டு, பொன்னேரி சென்று, பின் சென்னையில் குடியேறினார். மூத்த மகன் சபாபதி பிள்ளை புராணச் சொற்பொழிவு செய்து கிடைத்த வருவாயில் குடும்பம் நடந்தது. ஏழுகிணறுப் பகுதியில் வீராசாமி பிள்ளைத் தெருவில் அவர்கள் வாழ்ந்த வீடு இருந்தது.

தம்பியை நன்கு படிக்க வைக்க அண்ணன் விரும்பினார். தாமே கற்பித்தார், பிறகு தம் ஆசிரியராகிய காஞ்சிபுரம் மகாவித்துவான் சபாபதி முதலியாரிடமும் அனுப்பினார். சிறுவனோ பள்ளியை விட்டுக் கந்தகோட்டத்து முருகன் சந்நிதியிலேயே பொழுதைக் கழித்தான். சினம் கொண்ட அண்ணன், இவனுக்கு வீட்டில் சோறில்லை என்று கட்டளையிட்டார். அண்ணியார் பாப்பாத்தி அம்மாளுக்கு மனம் கேட்கவில்லை. கணவர் இல்லாத வேளை பார்த்துக் கொல்லைப்புறமாகக் கொழுந்தனை அழைத்துச் சோறிட்டார். தந்தையின் திவச நாளன்று பலரும் முன்வாசலில் அமர்ந்து உண்ண, இந்தப் பிள்ளை மட்டும் பின்வாசலில் நின்று உண்பதைக் கண்டு அவர் கண்ணீர் விட்டார் என்றும், அதன் பின்னரே இராமலிங்கர் வீட்டிற்கு வந்து கற்க இசைந்தார் என்றும் வரலாறு எழுதியோர் கூறுவர்.

இந்த நிகழ்ச்சியை நான் சிறு செய்தியாகக் கருதவில்லை. படிக்கவில்லை, சொற்படி நடக்கவில்லை. ஆதலால் சோறு பெறும் தகுதி இல்லை என்று ஒரு வீடு அன்று தீர்ப்பளித்தது. தகுதி பாராமல் ஒரு கை சோறிட்டது. பின்னாளில் வடலூரில் எழுந்த சாலை, அந்த அண்ணியாரின் கொல்லைப்புற வாசலை ஊரறிய முன்வாசலாக்கியது போலவே எனக்குத் தோன்றுகிறது.

சென்னையிலிருந்து கருங்குழிக்கு

ஒருமுறை அண்ணன் செல்ல இயலாத சொற்பொழிவிற்குச் சென்ற இளைய இராமலிங்கர், பெரியபுராணத்தை விரித்துரைத்துச் சபையோரை வியக்க வைத்தார். அதுமுதல் அவர் புகழ் பரவிற்று. 1850இல் தமக்கையார் மகள் தனக்கோடியை மணந்தார். ஆயினும் அவர் மனம் இல்லறத்தில் ஒட்டவில்லை. 1851இல் ஒழிவிலொடுக்கம் என்னும் நூலைப் பதிப்பித்தார். 1854இல் மனுமுறைகண்ட வாசகம் என்னும் உரைநடை நூலை எழுதினார். பசுவின் கன்றுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனின் கதை அது. வாயில்லா உயிரின் துயரை அரசன் ஆராய்ந்து நீதி செய்த செய்தி அவர் உள்ளத்தை அந்நாளிலேயே பற்றியிருந்தது.

1858ஆம் ஆண்டளவில் சென்னையை நீங்கிய அடிகளார், சிதம்பரம் வழியாகக் கருங்குழிக்கு வந்து, வேங்கட ரெட்டியார் இல்லத்தில் ஒன்பது ஆண்டுகள் தங்கினார். நகரத்தை விட்டுச் சிற்றூருக்கு வந்த இந்தக் காலமே அவரை ஏழை உழவரின் வாழ்வோடு நெருங்கிப் பழக வைத்தது. அவருடைய பாடல்களை அச்சிட அன்பர்கள் அப்போது பெரிதும் முயன்றனர். பாடல்கள் வந்து சேரும்வரை நாளைக்கு ஒருவேளைதான் உண்பேன் என்று இறுக்கம் இரத்தின முதலியார் உறுதி பூண்டார். புகழை விரும்பாத அடிகளார் எதற்கும் இணங்காமல் இருந்தவர். நண்பர் ஒருவர் தம் பொருட்டுப் பசித்திருக்கிறார் என்று அறிந்ததும் நெகிழ்ந்துவிட்டார். 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் முயற்சியால் திருவருட்பா முதல் நான்கு திருமுறைகளும் நூலாக வெளிவந்தன.

தருமச்சாலை

அடிகளார் 1865இல் ஒரு சங்கம் நிறுவினார். சாதி, சமய வேறுபாடு இன்றி எல்லா உயிரையும் தம்முயிர்போல் எண்ணுதல் அதன் கொள்கை. பிற்காலத்தில் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என்று அது பெயர் பெற்றது. அடுத்த ஆண்டே, 1866இல், ஒரிசாவிலும் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளிலும் கொடும் பஞ்சம் வந்தது. கொள்கை மட்டும் போதாது, அடுப்பும் வேண்டும் என்பதைக் காலம் உணர்த்திற்று எனலாம்.

வடலூரில், பார்வதிபுரம் என்று அந்நாளில் வழங்கிய ஊரின் மக்கள் ஏறத்தாழ எண்பது காணி நிலத்தை மனமுவந்து எழுதிக் கொடுத்தனர். அந்த நிலத்தில் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள், அதாவது பிரபவ ஆண்டு வைகாசி 11ஆம் நாள், சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையவில்லை.

அன்னதானம் நம் நாட்டிற்குப் புதிதன்று. சத்திரங்களும் மடங்களும் பன்னூறு ஆண்டுகளாக இருந்தன. ஆனால் பலவற்றில் பந்தி பிரிந்திருந்தது. இன்னாருக்கு உள்ளே, இன்னாருக்கு வெளியே என்னும் வரம்பு இருந்தது. விழா நாளில் பொங்கும் உலை மறுநாள் ஆறிப்போகும். அடிகளாரின் சாலையோ நாள் தவறாமல் நடந்தது. வருபவரின் சாதியை வினவவில்லை. தாம் எழுதிய சீவகாருணிய ஒழுக்கம் என்னும் நூலில், பசித்தவரின் நாடு, சமயம், சாதி, நடத்தை எதையும் ஆராயாமல் உணவளிக்க வேண்டும் என்பதை அவர் விளக்கியுள்ளார். பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என உயிர்களுக்கு நேரும் துன்பங்களை எண்ணிக் காட்டி, அவற்றுள் பசியையும் கொலையையுமே முதன்மையாக வைக்கிறார். பசியால் கண் எவ்வாறு குழிவிழும், நா எவ்வாறு உலரும், அறிவு எவ்வாறு கலங்கும் என்று ஒரு மருத்துவர்போல் படிப்படியாக அவர் விவரிக்கும் பகுதியைப் படித்தவர் எளிதில் மறக்க மாட்டார்.

கல்விப் பணியையும் அவர் மறந்தாரில்லை. சன்மார்க்க போதினி என்னும் பாடசாலையில் தமிழ், வடமொழி, ஆங்கிலம் மூன்றையும் கற்பிக்க ஏற்பாடு செய்தார். பொதுமக்களுக்குத் திருக்குறள் வகுப்பு நடக்கச் செய்தார். வயிறு நிறைந்தபின் அறிவுக்கு உணவு வேண்டும் என்பது அவர் கண்ட முறை.

இறுதி ஆண்டுகள்

1870இல் வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில், சித்தி வளாகம் என்று பின்னர்ப் பெயர் பெற்ற மாளிகைக்கு அடிகளார் சென்றார். எண்கோண வடிவில் அவர் அமைத்த சத்திய ஞானசபையில் 1872 சனவரி 25, தைப்பூசத்தன்று முதல் வழிபாடு நிகழ்ந்தது. 1873 அக்டோபரில் சித்தி வளாகத்தில் கொடியேற்றி அன்பர்களுக்குப் பேருபதேசம் செய்தார். 1874 சனவரி 30ஆம் நாள் இரவு தம் அறைக்குள் புகுந்து கதவை மூடிக்கொண்டார். அதன்பின் அவரை யாரும் காணவில்லை. அவர் ஒளியுடம்பு பெற்றார் என்பது அன்பர் நம்பிக்கை. மாவட்ட ஆட்சியர் கார்ஸ்டின் எழுதி 1878இல் வெளியான தென்னார்க்காடு மாவட்ட நூலிலும் இந்நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது.

தலைவர் மறைந்தார், சாலை மறையவில்லை. அதைக் காத்து நின்றவர்களுள் கல்பட்டு ஐயா ஒருவர். நம் மாவட்டத்தில் உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த திருநறுங்குன்றத்தில் தவம் செய்திருந்தவரை, அடிகளாரே தேடிச் சென்று வடலூருக்கு அழைத்து வந்தார் என்பர்.

பஞ்சம் கேட்ட கேள்வி

அடிகளார் மறைந்து இரண்டே ஆண்டுகளில், 1876இல், தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. 1878 வரை இலட்சக்கணக்கானோர் மாண்டனர். எங்களுக்கு மேற்கே உள்ள சேலம் மாவட்டம் பெரும் அழிவைக் கண்டது. அரசு நிவாரண வேலைகளைத் திறந்தது. ஆனால் செலவைக் குறைக்க வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், வேலை செய்யும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. கல்லுடைப்பவனுக்கு இது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். பசித்தவன் முதலில் வேலை செய்து தன் பசியை மெய்ப்பிக்க வேண்டும் என்பது அந்த அரசின் முறை. பசியே போதிய சான்று என்பது வடலூரின் முறை. இரண்டும் ஒரே மாகாணத்தில், ஒரே காலத்தில் இருந்தன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்தக் கேள்வி பழங்கதையாகிவிடவில்லை. 2024 டிசம்பரில் ஃபெங்கல் புயலை அடுத்துத் தென்பெண்ணை கரைபுரண்டபோது, உணவுப் பொட்டலம் வழங்கிய ஓரிடத்தில் குடும்ப அட்டை கேட்டதை நான் கண்டேன். கரும்பு வெட்ட வெளியூரிலிருந்து வந்திருந்த குடும்பம் ஒன்று அட்டையின்றி ஒதுங்கி நின்றது. எங்கள் தெருப் பாட்டி ஒருவர் தம் வீட்டுப் பானையிலிருந்து அவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார். ஒழுங்குக்குக் கணக்கு வேண்டியதுதான். ஆனால் கணக்குக்குள் வராத பசியும் பசிதானே?

நமக்கு உரிய பணி

தமிழகம் இவ்வழியில் வெகுதூரம் வந்துள்ளது. 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியொன்றில் தொடங்கிய மதிய உணவு, 1956இல் காமராசர் ஆட்சியில் மாநிலமெங்கும் விரிந்தது, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாயிற்று, 2022இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் சேர்ந்தது. ஆனால் பள்ளி மதிய உணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பசி அவ்வகுப்போடு நிற்பதில்லை. முதல் பேருந்தைப் பிடிக்க விடியுமுன் கிளம்பி, வெறும் வயிற்றோடு நம் கல்லூரிக்கு வரும் நண்பர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உள்ளனர். மலையடிவாரச் சிற்றூர்களிலிருந்து வருவோருக்கு இது நாள்தோறும் நேர்வது. இரண்டாம் பாடவேளையில் தலை சாய்பவர் எல்லாரும் சோம்பேறிகள் அல்லர் என்பதை நம் பேராசிரியர்களும் அறிவார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இது. நம் வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் வழக்கம் முன்பு இருந்தது. அதை மீண்டும் தொடங்குவோம். வாரத்திற்கு ஒருமுறை வகுப்புவாரியாக அரிசியைச் சேர்த்தால், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் முறைவைத்துக் காலையில் ஒரு பானை கஞ்சி காய்ச்சிவிடலாம். பேராசிரியர் ஒருவர் பொறுப்பேற்றால் இது நடக்கும். வடலூருக்கு எண்பது காணி கிடைத்தது. நமக்கு ஒரு மரத்தடி போதும். ஒரே ஒரு விதியை மட்டும் அடிகளாரிடமிருந்து கடன் வாங்கிக்கொள்வோம்: கஞ்சி கேட்டு வருபவரின் பெயரையும் வகுப்பையும் எழுதும் ஏடு அங்கே இருக்கக் கூடாது.